கைகாட்டியில் ஒரு பெயர்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடுகளுக்கும் கடைவரிசைக்கும் நடுவே ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. நாலைந்து சிமெண்டு பெஞ்சு, இரண்டு தூங்குமூஞ்சி மரம், மழை பெய்தால் ஒரு மூலையில் தேங்கும் தண்ணீர். அவ்வளவுதான். தீபாவளிக்கு முன்னால் அந்த வட்டாரத்துக் கடைக்காரர் சங்கம் கூடிப் பேசி, அங்கே ஒரு கைகாட்டி நடுவது என்று முடிவு செய்தது. வழி காட்டுவதற்கு இல்லை. வழி காட்டத்தான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே. வருகிறவர்கள் நின்று படித்து, சிரித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே கடைக்குள்ளும் நாலு பேர் நுழைய வேண்டும்.

வேலை பரமேஸ்வரனுக்கு வந்தது. கிள்ளானில் அவனுக்குப் போர்டு கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மனைவி தாமரை கம்ப்யூட்டரில் எழுத்து அடுக்குவாள். இவன் தகடு வெட்டி, சாயம் அடித்து, ஸ்டிக்கர் எழுத்தை ஒட்டுவான். கல்யாண மண்டப வாசலிலிருந்து டயர் கடை வரைக்கும் அந்தப் பக்கத்தில் பாதிப் பெயர்கள் இவர்கள் கையால் ஆனவை. ஒரே மகள் ஜொகூரில் படிக்கிறாள்.

சங்கத் தலைவர் விநாயகமூர்த்திக்கு எழுபதைத் தாண்டிய வயசு. யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்கத்தில் நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். விளையாட்டுக் கைகாட்டியாக இருந்தாலும் ஒவ்வொரு கையும் அந்தந்தத் திசையைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று நின்றார். கம்பம் நட்ட அன்று வெயிலில் திசைகாட்டியோடு வந்து, “யாழ்ப்பாணம் கொஞ்சம் வலப்பக்கம். இன்னும் கொஞ்சம். ஆ, காணும், போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“நிலாவை எந்தப் பக்கம் திருப்பணும் அங்கிள்?” என்று ஏணியில் நின்றபடி கேட்டான் பரமேஸ்வரன்.

“அது மேல பாக்கட்டும், தம்பி.”

லண்டன், சென்னை, காஜாங் சத்தே, செந்தூல், ‘மாமியார் வீடு: போன் பண்ணிட்டுப் போங்க’ என்று ஒவ்வொரு கைக்கும் ஒரு வாசகம் சங்கத்திலிருந்து வந்திருந்தது. கடைசிக் கைக்கு மட்டும் வரவில்லை. அதில் இந்த இடத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றைப் போடலாம் என்றார் விநாயகமூர்த்தி. ஆனால் சங்கத்தில் இருக்கிற எந்தக் கடையைப் போட்டாலும் மற்றவன் முகத்தைத் தூக்கிக்கொள்வான்.

“உங்கட மச்சாள் அப்பம் சுடுறவதானே. அவ சங்கத்தில இல்லை, ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். அவவைக் கேளுங்கோ. அவ சரியெண்டா போடுவம். கேக்காமப் போட வேண்டாம்.”

தாமரையின் அக்காதான் இராஜம்மா. புருஷன் போன பிறகு பிரிக்பீல்ட்ஸிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, அடுக்குமாடிச் சுவரோரம், ஒரு பெரிய குடையின் கீழே அப்பம் சுட்டு விற்றாள். ஒரு மேசை, நாலு சின்ன இரும்புச் சட்டி, கேஸ் நிரப்பிய தோம்பு. ஒவ்வொரு சட்டியையும் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றுவாள். ஓரம் சல்லாத்துணி மாதிரி சிவந்து எழும்பும், நடுவில் தேங்காய்ப்பால் விட்டு மூடுவாள். யார் வந்து எவ்வளவு அவசரப்பட்டாலும் அந்தச் சுற்று வேகமாகாது. ஆபீஸ் போகிறவர்கள் திட்டிக்கொண்டே நிற்பார்கள். ஆனால் நிற்பார்கள்.

தாமரை அக்காவுக்கு போன் போட்டாள். பரமேஸ்வரன் பக்கத்தில் தகடு தேய்த்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் இராஜம்மாவின் குரல் தெளிவாகவே கேட்டது.

“வேண்டாம்லா தாமரை. எனக்கு லைசென்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுவரோரமா நின்னுக்கிட்டிருக்கேன். தெரிஞ்சவங்க வாங்குறாங்க, தெரியாதவங்க பார்க்காமப் போறாங்க. அது அப்படியே இருக்கட்டும். என் பேரு எங்கயும் வேண்டாம். தம்பிகிட்ட சொல்லிடு.”

தம்பி என்றது பரமேஸ்வரனை. அவன் தலையாட்டினான்.

அந்த வாரம் மகளைப் பார்க்கத் தாமரை ஜொகூருக்குப் போயிருந்தாள். பரமேஸ்வரன் கம்பத்தின் அடியில் சிமெண்டு பூச விடியற்காலையிலேயே பிரிக்பீல்ட்ஸ் போனான். பசியாற இராஜம்மாவிடம் போய் நின்றான். கூட்டம் இருந்தது. “நீ நம்ம வீட்டு ஆளு, கொஞ்சம் நில்லு தம்பி” என்றாள். நின்றான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறியது. மாவு வாளி அடி தெரிந்தபோதுதான் ஒன்று வந்தது, ஓரம் கருகினது. “உனக்குக் கருகினது பிடிக்கும்தானே” என்று சிரித்துவிட்டு மேசையைத் துடைக்கப் போய்விட்டாள். அவனுக்குக் கருகினது பிடிக்கும் என்று யார் சொன்னது என்று அவனுக்கே தெரியவில்லை.

பெரிய விஷயம் இல்லை. ஆனால் கடைக்குத் திரும்பி மெஷினில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வாசகம் தானாக வந்து விழுந்தது.

‘இராஜம்மா அப்பம்: நடந்தால் இரண்டு நிமிடம், நின்றால் இரண்டு ஜென்மம்.’

தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தான். கீழே இங்கிலீஷிலும் எழுதிப் பார்த்தான். அதிலும் நன்றாக இருந்தது. ஒரு நல்ல வாசகம் கிடைத்துவிட்டால் போர்டுக்காரனுக்கு அதை விட மனசு வராது. நாலு பேர் தேடி வந்தால் அக்காவுக்கு நல்லதுதானே என்றும் சொல்லிக்கொண்டான். விநாயகமூர்த்திக்கு போன் போட்டான்.

“கேட்டேன் அங்கிள். அக்கா சரின்னுட்டாங்க.”

*

கைகாட்டியைத் திறந்து வைத்த அன்று இராஜம்மா அப்பக் கடையில்தான் இருந்தாள். யாரோ போனில் காட்டிய பிறகு, கையில் மாவோடு சதுக்கத்துக்கு வந்தாள். மஞ்சள் சாயம் அடித்த தகட்டுக் கையில் தன் பெயரைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“யாரு போட்டது இதை?”

பரமேஸ்வரன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான். “சங்கத்துல குடுத்தாங்கக்கா. நான் வெட்டி ஒட்டுறவன்தானே.”

பக்கத்தில் தாமரை இருந்தாள். “அக்கா வேண்டாம்னு சொன்னதைச் சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன். போட்டுட்டாங்க.”

இராஜம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு ஜென்மமா? பாவிங்களா!” என்றாள். போகும்போது திரும்பிப் பார்த்து, “என் பேரை இவ்ளோ பெருசா நான் பார்த்ததே இல்ல, தாமரை” என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு பரமேஸ்வரனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

வாசகம் பிடித்துக்கொண்டது. சனி ஞாயிறில் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் செலாயாங்கிலிருந்தும் பிள்ளைகள் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். கைகாட்டியின் கீழே நின்று படம் எடுத்து, அது காட்டிய பக்கமே நடந்து, இராஜம்மாவின் குடைக்கு முன்னால் வரிசையில் நின்று, எவ்வளவு நேரம் நின்றோம் என்று போனில் போட்டார்கள். நிற்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. மாவு காலையிலேயே தீர்ந்தது. தாமரை முதல் கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து போய், அக்காவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினாள். இராஜம்மாவின் மணிக்கட்டு வீங்கிப்போனது. ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது என்று தாமரை சொன்னாள். பரமேஸ்வரன் தகட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். பார்த்தாயா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

கார்கள் இரண்டு வரிசையாக நின்றன. அடுக்குமாடிக்குள் போகிற வழி அடைபட்டது. ஒரு காலை டயாலிசிஸுக்குப் போகிறவரை ஏற்ற வந்த வேன் உள்ளே நுழைய முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அந்த வீட்டு ஆட்கள் புகார் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்ததில் தப்புச் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் மாநகர மன்றத்து லோரி வந்தது.

தாமரை போனில் அழுததைக் கேட்டுப் பரமேஸ்வரன் ஃபெடரல் ஹைவேயில் வேனை ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் வந்து சேர்ந்தபோது மேசை, குடை, கேஸ் தோம்பு எல்லாம் லோரியில் ஏறிவிட்டிருந்தன. நாலு சட்டியும் ஏறிவிட்டன. வந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினான். “அக்கா, நாங்க வேணும்னு செய்யல. நிறைய கொம்ப்ளேன் வந்திருக்கு. இங்க இனிமே போட முடியாது” என்று மலாயில் சொல்லிவிட்டு, மாவு வாளியை மட்டும் அவன் கையாலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

மழை பிடித்தது. குடை இருந்த இடத்தில் காய்ந்த தரை வட்டமாகத் தெரிந்தது. சற்று நேரத்தில் அதுவும் நனைந்தது. இராஜம்மா வாளியை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தாள். தாமரை தன் துப்பட்டாவை வாளிமேல் பிடித்தாள்.

“எந்திரிக்கா. வீட்டுக்குப் போலாம்.”

இராஜம்மா எழுந்தாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. சதுக்கத்தின் மறுபக்கம், கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் விநாயகமூர்த்தி நின்றிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு இறங்கி வந்திருக்கிறார், கையில் மடக்காத குடை. நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“திருப்தியா ஐயா உங்களுக்கு? நான் கேட்டேனா? என் பேரைப் போடுங்கன்னு நான் கேட்டேனா?”

“என்ன பிள்ளை சொல்லுறாய்? நீ சரியெண்டுதானே...”

“நான் எப்ப சரின்னேன்? வேண்டாம்னு சொல்லி அனுப்பினேன். படிச்ச மனுஷன், கவர்மெண்ட்ல இருந்தவரு. ரோட்டோரம் நிக்கறவதானே, இவளை என்ன கேக்கறதுன்னு நெனச்சுட்டீங்க. சிரிக்கறதுக்கு ஒரு ஆளு வேணும் உங்களுக்கு. உங்க வீட்டுப் பொம்பளைங்க பேரைப் போட்டிருப்பீங்களா அங்க?”

துணிக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். விநாயகமூர்த்தி இராஜம்மாவின் தோளுக்கு மேலாகப் பரமேஸ்வரனைப் பார்த்தார். ஒரு தடவைதான். பரமேஸ்வரன் தன் செருப்பைச் சுற்றி ஓடுகிற மழைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் போதும். வாய் திறக்கவில்லை.

“என்ர பிழைதான் பிள்ளை. நான் உன்னட்ட நேர வந்து கேட்டிருக்கோணும்” என்றார் விநாயகமூர்த்தி.

“நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு இராஜம்மா திரும்பினாள்.

*

கிள்ளானில் மகளுடைய அறையை இராஜம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். வாடகைக்கு இருந்த அறையை அவள் விட்டுவிட்டாள். பழக்கம் விடவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்பங்கரையில் ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பாள். தாமரையின் தோசைக்கல் அப்பத்துக்கு ஒத்துவரவில்லை என்று பழைய பாசாரில் தேடி ஒரு சட்டி வாங்கி வந்தாள். வேறு ஆள் இல்லை. சுட்டது எல்லாம் பரமேஸ்வரன் தட்டில் விழுந்தது.

“சூடா இருக்கறப்பவே தின்னு தம்பி. இன்னொண்ணு போடறேன்.”

“போதும்க்கா.”

“என்ன போதும், ஆம்பள நாள் முழுக்கத் தகட்டைத் தூக்கறே. பால் தனியா ஊத்தவா?”

ஓரம் கருகவே இல்லை. ஒவ்வொன்றும் பொன் நிறமாக வந்தது. அவன் மென்றான்; விழுங்குவதற்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. முந்தின வாரம் வரை தெருமுனையில் மணம் வந்தாலே பசிக்கிற சாப்பாடு அது.

சும்மா இருக்க முடியாமல் கடைப்பக்கமும் வந்து உட்கார்ந்தாள். மெஷின் வெட்டித் தந்த ஸ்டிக்கரில் எழுத்தைச் சுற்றி இருக்கிற வேண்டாத பகுதியை ஊசியால் கிளப்பி உரிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அது பெரிய தொல்லை. கொக்கியும் சுழியும் கூடவே கிளம்பிவிடும். இராஜம்மாவிடம் ஒன்றும் கிளம்பாது. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஒரு ‘ணை’யை உரிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். உரிக்கும்போது பேசுவாள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் விநாயகமூர்த்தியில் போய் முடியும்.

“என் தப்புன்னு எவ்ளோ லேசா சொல்லிட்டாரு பார்த்தியா. பெரிய மனுஷங்களுக்குத் தப்புன்னா அவ்ளோதான். சொல்லிட்டா முடிஞ்சிடும். நீ சொல்லு தம்பி, நான் வேண்டாம்னு நீ சொன்னப்ப அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலக்கா.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

“இல்ல.”

ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று வைத்தாகிவிட்டது. மத்தியானம் சாமான் வாங்கப் போகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு பரமேஸ்வரன் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தான். விநாயகமூர்த்தி மாடிவீட்டில் தனியாக இருந்தார். கைலியோடு வந்து கதவைத் திறந்து, வாங்கோ என்று உள்ளே விட்டு, கோப்பி போட்டுக் கொடுத்தார். அவன் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்கு அப்பவே விளங்கினது தம்பி.”

“பின்ன ஏன் அங்கிள் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

அவர் கோப்பியைக் குடித்தார். “அந்தப் பிள்ளைக்கு அண்டைக்கு ஆரையாவது ஏசோணும். என்னை ஏசினா, ஏசிப்போட்டு உங்கட வீட்டில போய்ப் படுக்கலாம். உங்களை ஏசினா எங்க போவா? தங்கச்சியின்ர புருஷன். அந்த நேரம் எனக்கு அவ்வளவுதான் தோன்றினது. நீங்க நல்லவர் எண்டு நினைச்சுச் செய்யேல்லை.”

கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பரமேஸ்வரனுக்குக் காது சுட்டது. அந்தக் கையைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டான். “சங்கக் கூட்டம் முடியட்டும். என்னைத் தலைவர் வேலையை விடச் சொல்லிக் கதைக்கினம். முதலில அது” என்றார்.

திரும்பி வரும்போது அவனுக்கு ஒரு நியாயம் கிடைத்திருந்தது. உண்மையைச் சொன்னால் அக்கா வீட்டை விட்டுப் போய்விடுவாள். ஆகவே சொல்லாமல் இருப்பது அக்காவுக்காக. அந்த நினைப்பு வசதியாக இருந்தது. ஒவ்வொரு காலையும் தட்டுக்கு முன்னால் உட்காரும்போது அது எவ்வளவு வசதியானது என்பதும் கூடவே தெரிந்தது.

*

ஒரு மத்தியானம் விநாயகமூர்த்தி தாமரைக்கு போன் போட்டார். அடுக்குமாடியின் கீழே இருக்கிற கேண்டினில் நாசி லெமாக் சோறு போட்டுக்கொண்டிருந்த புஷ்பவல்லி, காஜாங்கில் மகனோடு போய் இருக்கப் போகிறாள். அந்த இடம் காலியாகிறது. கூரை உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, முறையான லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாம். குடியிருப்பாளர்களிடம் அவரே வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார். டயாலிசிஸ்காரர் வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். ஆனால் வேறு இரண்டு பேரும் கேட்கிறார்கள். நாளைக்குள் சொல்ல வேண்டும்.

தாமரை ஓடிவந்து சொன்னாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இராஜம்மா ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். டியூஷன் சென்டர் ஒன்றின் பெயரை உரித்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

“அக்கா! கூரையோட இடம். இனிமே லோரி வராது. யாருக்கும் பயப்பட வேண்டாம்.”

“நல்ல இடம்தான். எனக்குத் தெரியாதா? புஷ்பவல்லிகிட்ட எத்தனை தடவை பேசியிருக்கேன். ஆனா அவரு கையால வர்றது எனக்கு வேண்டாம். முதல்ல கேக்காம என் பேரை எடுத்தாரு. இப்பக் கேக்காம இடம் பார்க்கறாரு. நான் என்ன, அவரு நகர்த்தி நகர்த்தி வெக்கற சாமானா?”

“கோவத்துல முடிவு பண்ணாதக்கா. நாளைக்குள்ள சொல்லணும்.”

“இன்னிக்கே சொல்லிடு. வேண்டாம்னு. நான் இங்கயே எழுத்து உரிச்சுக்கிட்டு இருந்துக்கறேன். தம்பிக்குப் பாரமா இருந்தா சொல்லட்டும்.”

தாமரை கணவனைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்களேன்.”

மழை தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்தது. பரமேஸ்வரன் மெஷினை நிறுத்தினான்.

“அக்கா, அவர் போடல. நான் போட்டேன்.”

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னான். “அந்த வாசகம் நான் எழுதினது. நீங்க சரின்னீங்கன்னு அவர்கிட்ட நான்தான் பொய் சொன்னேன். கேக்காமப் போட வேண்டாம்னு அவர் சொன்னாரு.”

இராஜம்மா தலை நிமிரவில்லை. கையிலிருந்த எழுத்தை முழுசாக உரித்து முடித்தாள். உரித்ததை விரலில் சுருட்டி உருண்டையாக்கி மேசை மேல் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“வேண்டாம்னு நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“அப்புறம் ஏன்?”

“வாசகம் நல்லா இருந்துச்சுக்கா.”

“அவ்ளோதானா?”

“அன்னிக்குக் காலையில என்னை ரொம்ப நேரம் நிக்க வெச்சீங்க. எல்லாருக்கும் குடுத்துட்டுக் கடைசியில கருகினது...” சொல்லும்போதே அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. பாதியில் நிறுத்தினான்.

“நிக்க வெச்சேனா?” இராஜம்மா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். “எப்ப?”

அவளுக்கு ஞாபகமே இல்லை.

தாமரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “எங்கிட்ட என்ன சொன்னீங்க? சொன்னேன், போட்டுட்டாங்கன்னு சொன்னீங்க. நானும் போற இடமெல்லாம் அந்த மனுஷனைத் திட்டினேனே.”

“தாமரை...”

“பேசாதீங்க.”

“இப்ப ஏன் சொன்ன?” என்று இராஜம்மா கேட்டாள். குரல் உயரவில்லை. “அந்த இடம் எனக்குக் கிடைக்கணும்னா, இல்ல உன்னால தாங்க முடியலன்னா?”

“ரெண்டும்க்கா.”

“ம். உனக்கு லேசாயிடுச்சு. இத்தனை நாளா என் கையால தின்னுக்கிட்டு, நான் அவரைப் பேசறதைக் கேட்டுக்கிட்டு இருந்த. தெருவுல வெச்சு, நாலு பேரு பார்க்க, வீட்டுப் பொம்பளைங்க வரைக்கும் இழுத்துப் பேசினேன் அந்த மனுஷனை. அது என் வாயில வந்த பேச்சு. உன் வாயில வந்தது இல்ல. அதை நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?”

இராஜம்மா அறைக்குள் போய்த் துணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பச் சட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டாள். தாமரை போனில் கார் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த மழைக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் மூன்று பேரும் வேனில்தான் போனார்கள். இராஜம்மா முன்சீட்டில் உட்காராமல், பின்னால் தகடுகளுக்கும் ஏணிக்கும் நடுவே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் ஊர்ந்தன.

விநாயகமூர்த்தி கதவைத் திறந்தபோது இராஜம்மாவின் புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஐயா, உங்களைப் பேசக்கூடாததெல்லாம் பேசிட்டேன்” என்றாள். அதற்குமேல் வரவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“உள்ள வா பிள்ளை. நனைஞ்சிட்டாய். தாமரை, நீயும் வாம்மா.” அவர் படியில் நின்ற பரமேஸ்வரனைப் பார்த்தார். “வாங்கோ தம்பி, ஏன் அங்க நிக்கிறீங்கள்?”

இராஜம்மா திரும்பாமலே சொன்னாள்: “அவரு வரமாட்டாரு ஐயா. வேன் நிக்கக்கூடாத இடத்துல நிக்குது.”

வேன் நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றது. பரமேஸ்வரன் இறங்கிப் போய் அதில் உட்கார்ந்தான். கண்ணாடியில் மழை வழிந்தது. மழை விட்டதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்குப் போனான். கூட்டமும் தீர்மானமும் வரட்டும் என்று இனிக் காத்திருக்க முடியவில்லை. ஸ்பானரால் நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது கீழே இரண்டு பெண்பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அங்கிள், அதை ஏன் எடுக்கறீங்க? அதுதான் ஃபன்னி லா.”

“தப்பா போட்டுட்டேன்” என்றான்.

“திசை தப்பா?”

அவன் கடைசி நட்டைக் கழற்றினான். தகட்டைத் தோளில் வைத்து இறக்கினான். மறுநாள் கிள்ளானில், ஹேர் டிரையரால் சூடுகாட்டி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக உரித்தான். பெயரை உரிக்கும்போது நகம் பிய்ந்தது.

*

மூன்று மாதமாக இராஜம்மா கேண்டினில் அப்பம் சுடுகிறாள். அறையும் அந்த அடுக்குமாடியிலேயே கிடைத்துவிட்டது. விநாயகமூர்த்தி சங்கத் தலைவராக இல்லை. யாரும் தள்ளவில்லை, அவரே விட்டுவிட்டார். காலையில் செய்தித்தாளோடு கேண்டினில் வந்து உட்காருகிறார். இராஜம்மாவே அவர் மேசைக்குத் தட்டைக் கொண்டுபோய் வைக்கிறாள். தாமரை வாரா வாரம் போய் வருகிறாள். வீட்டில் பரமேஸ்வரனோடு பேசுகிறாள், சமைக்கிறாள், வேலை செய்கிறாள். ஒரு வாடிக்கையாளர் வாசகம் ஏதாவது நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும், “நீங்க குடுங்க, நாங்க வெட்டி ஒட்டறவங்கதான்” என்று இவன் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்.

ஒரு ஞாயிறு அவனும் கூடப் போனான். வேனை நிறுத்தியதும் தாமரை இறங்கவில்லை.

“நீங்க போங்க. நான் வந்தா என்கிட்டதான் பேசுவா.”

கேண்டினில் வரிசை இருந்தது. பரமேஸ்வரன் கடைசியில் போய் நின்றான். இராஜம்மா சட்டியைச் சுற்றினாள், மூடினாள், எடுத்தாள். ஒரு தடவை நிமிர்ந்தபோது அவனைப் பார்த்தாள், பார்த்தது தெரிந்தது. அவசரப்படவில்லை, தாமதிக்கவும் இல்லை. முன்னால் நின்ற சீனர் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அவரிடம் கேட்ட அதே குரலில் கேட்டாள்:

“எத்தனை, பாஸ்?”

“நாலு.”

நாலும் நன்றாக வெந்து, கருகாமல் வந்தன. தாளில் மடித்துக் கொடுத்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண் அதற்குள் அவனுக்குப் பின்னால் நின்றவரிடம் போயிருந்தது.

வேனுக்குத் திரும்பி வந்து பொட்டலத்தைத் தாமரை மடியில் வைத்தான்.

“பேசினாளா?”

“பேசினாங்க.”

“என்ன சொன்னா?”

“எத்தனைன்னு கேட்டாங்க.”

தாமரை வெளியே பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்துப் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். “ஆறிடும், தின்னுங்க” என்றாள். அவன் வாங்கிக்கொண்டான். உடனே தின்ன முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.